ட்யூஷன் சென்டரால பசங்க வாழ்க்கை நிஜமாவே மாறுதான்னு எப்படிங்க பாக்கறது?

மழைக்காகிதம்:
சென்னைல குடிசைப் பகுதிலேர்ந்து மாத்துன குடும்பங்க இருக்கற கண்ணகி நகர்ல நானும் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரும் அஞ்சு வருஷமா சாயங்காலம் ட்யூஷன் எடுக்கறோம், எட்டாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும், ஃபீஸ் கிடையாது. போன மாசம் எங்களுக்கு பணம் தர்றவர் "இதால என்ன மாறியிருக்கு?"ன்னு கேட்டார். 31 பேர் பத்தாவது எழுதி 29 பேர் பாஸ்னு பெருமையா சொல்லிட்டு வந்துட்டேன், ஆனா ராத்திரி தூக்கமே வரல, ஏன்னா அந்த பேட்ச் எட்டாவதுல சேரும்போது 50 பேர். யாராவது வழி சொல்லுங்க.

அடையாறுக்காரி:
மொதல்ல அந்த 19 பேர தேடுங்க. உங்க சென்டர் எங்க தோத்துச்சுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். வேற ஊருக்கு போயிட்டாங்களா, தம்பி தங்கச்சிய பாத்துக்கறாங்களா, வேலைக்கு போறாங்களா, இல்ல உங்க க்ளாஸே புரியலையா, ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மருந்து.

கணக்குப்புள்ள:
தானா தேடி வர்ற பையன் ட்யூஷன் இல்லாமலும் பாஸ் ஆகியிருப்பான், அதனால பாஸ் கணக்கு மட்டும் போதாது. இடம் 40, கேட்டு வர்றவங்க 70னா குலுக்கல் போடுங்க, கெடைக்காதவங்க நம்பரையும் வாங்கி வச்சு ரெண்டு பக்கத்துக்கும் ஒரே டெஸ்ட் வைங்க. மும்பை, வதோதரால பிரதம்ங்கற தொண்டு நிறுவனம் படிப்புல பின்தங்குன பசங்களுக்கு தனியா சொல்லிக்குடுத்த பால்சகி திட்டத்த, பொருளாதார நிபுணர்கள் பானர்ஜி, டுஃப்ளோ டீம் குலுக்கல் முறையிலதான் சோதிச்சாங்க, மார்க் நல்லாவே ஏறுச்சு, ஆனா திட்டம் முடிஞ்சு ஒரு வருஷத்துல அதுல பெரும்பகுதி கரைஞ்சு போச்சு. அதனால முடிஞ்ச அன்னைக்கே அளந்துட்டு விட்டுடாதீங்க. தன்னார்வலர்கள வச்சு நம்ம அரசு நடத்துன சாயங்கால வகுப்பு இல்லம் தேடிக் கல்வியையும் கிராமத்து பசங்கள கொரோனாவுக்கு முன்னாடியும் பின்னாடியும் டெஸ்ட் பண்ணி ஆராய்ஞ்சிருக்காங்க, ஸ்கூல் தெறந்தப்புறம் திரும்ப கெடச்ச படிப்புல சுமார் 24 சதவீதம்தான் இதோட பங்குன்னு வந்துச்சு. மீதி வேற காரணம், அத பிரிச்சு பாத்தது பெரிய விஷயம்.

ஒக்கியம்பையன்:
கணக்குப்புள்ள அண்ணா சொல்றது சரிதான், ஆனா குலுக்கல்ல விட்டுப்போன பையன்கிட்ட டெஸ்ட் மட்டும் வாங்கிட்டு போகாதீங்க, அவனுக்கு அடுத்த வருஷம் இடம் உண்டுன்னு எழுதிக் குடுங்க. நான் இதே மாதிரி ஒரு சென்டர்ல படிச்சவன். பத்தாவது, பன்னண்டாவது ரெண்டும் பாஸ், அப்புறம் எந்த கோர்ஸ், எங்க அப்ளை பண்றதுன்னு சொல்ல ஆளே இல்ல, ஒரு வருஷம் சும்மாவே போச்சு. இன்டர்வியூல கண்ணகி நகர்னு அட்ரஸ பாத்ததும் மொகம் மாறுனதையும் பாத்திருக்கேன். காலேஜ் சேந்தாங்களா, முடிச்சாங்களா, மாசச் சம்பளம் வருதா, அஞ்சு வருஷமாவது கேட்டுட்டே இருங்க. பொண்ணுங்க காலேஜ் போனா மொத்த பெருமையும் உங்களுக்கே எடுத்துக்காதீங்க, அரசுப்பள்ளியில ஆறுலேர்ந்து பன்னண்டு வரைக்கும் படிச்சவங்களுக்கு புதுமைப் பெண் திட்டத்துல 2022லேர்ந்து மாசம் 1000 ரூபா வருது, அதுவும் சேத்துத்தான் கணக்கு.

மழைக்காகிதம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பழைய அட்டெண்டன்ஸ் நோட்ட எடுத்தேன், 19 பேர்ல 11 பேரோட அம்மா நம்பர் இருக்கு. மூணு பேர்ட்ட பேசிட்டேன், ரெண்டு பொண்ணுங்க எங்க க்ளாஸ் முடிய எட்டரை ஆகுதுன்னு வீட்ல அனுப்பலையாம், ஒருத்தர் கூட எங்ககிட்ட இத சொன்னதில்ல, நாங்களும் கேட்டதில்ல. வர்ற திங்கள்லேர்ந்து அஞ்சரைக்கே ஆரம்பிக்கறோம், மிச்சம் எட்டு பேர் வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை போறோம்.