பொது கோல்ஃப் மைதானம் எவ்வளவு கடினமாக இருக்கலாம்?

புல்வெளி:
அண்மையில் ஒரு பொது மைதானத்தில் ஆடினேன். நான்காவது குழியில் டீ பாக்ஸிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) 150 யார்டு தண்ணீரைத் தாண்டியே ஆக வேண்டும், சுற்றிப் போக வழி இல்லை. முன்னால் ஆடிய குழு நாலு பந்துகளைத் தண்ணீரில் விட்டது. பின்னால் மூன்று குழுக்கள் காத்து நின்றன. பார்க்க அழகுதான், ஆனால் பொது மைதானத்துக்கு இது மோசமான வடிவமைப்பு.

நீளடி:
ஏற்க முடியவில்லை. பெத்பேஜ் பிளாக் நியூயார்க் மாநிலப் பூங்காவில் உள்ள பொது மைதானம். 'மிகத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கிறோம்' என்று அங்கே எச்சரிக்கைப் பலகையே இருக்கிறது. அப்படியும் ஆட இடம் கிடைக்க ராத்திரி முழுக்கக் காரில் காத்துக் கிடக்கிறார்கள். 2002-ல் யு.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியே அங்கு நடந்தது. சாதாரண ஆட்டக்காரருக்கு எளிதானது போதும் என்று நாம் ஏன் முடிவு செய்ய வேண்டும்?

புல்வெளி:
பெத்பேஜில் மொத்தம் ஐந்து மைதானங்கள். பிளாக் வேண்டாம் என்றால் பக்கத்தில் வேறொன்று இருக்கிறது. ஒரே மைதானம் உள்ள ஊரில் என்ன செய்வது? ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸும் பொது மைதானம்தான். முதல் குழிக்கும் பதினெட்டாவதற்கும் ஒரே பரந்த ஃபேர்வே (பந்தை அடித்துச் செல்லும் வெட்டிய புல்தரை), புதியவரும் பயமில்லாமல் அடிக்கலாம். ஆனால் பந்து எந்தப் பக்கம் விழுந்தது என்பதைப் பொறுத்துத்தான் கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்பரப்பு) அடிக்கும் கோணம் அமையும். எனக்கு அதுதான் வடிவமைப்பு.

நீளடி:
அதே முதல் குழியில் கிரீனுக்கு முன்னால் ஸ்வில்கன் ஓடை இருக்கிறதே! அதையும் தாண்டத்தானே வேண்டும்?

புல்வெளி:
குறுகலான ஓடை அது. பயந்தவர் இந்தப் பக்கம் நிறுத்தி, சின்ன அடியில் தாண்டிவிடலாம். 150 யார்டு தண்ணீரில் அந்த வசதி எங்கே?

காற்றுத்திசை:
இருவரும் ஸ்லோப் எண்ணை மறந்துவிட்டீர்கள். 55 முதல் 155 வரை போகும், 113 நடுத்தரம். தேர்ந்தவரோடு ஒப்பிட்டால் சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கூடுதல் சிரமம் என்பதை அது சொல்லும். கட்டாயம் தாண்ட வேண்டிய தண்ணீர் அதை ஏற்றிவிடும். கிரீனின் மேடுபள்ளம் தேர்ந்தவரையும் திணறடிக்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

நீளடி:
சரி, ஒன்று கேட்கிறேன். அந்த நான்காவது குழியில் முன் டீ, அதாவது தூரம் அடிக்க முடியாதவர்களுக்கான முன்தள்ளிய டீ, எங்கே இருந்தது?

புல்வெளி:
அதுவும் தண்ணீருக்கு இந்தப் பக்கம்தான். இருபது யார்டுதான் குறைவு.

நீளடி:
அப்படியென்றால் அந்தக் குழியில் தவறு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குளத்தை மூடச் சொல்லாதீர்கள். முன் டீயை அக்கரைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.