ராம்நாடுல கோயிலைத் தவிர என்ன இருக்கு?

ஊர்சுற்றி77:
ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ரெண்டு நாள் லீவு போடுறது வேஸ்ட். ராமேஸ்வரம் கோயில்ல 22 தீர்த்தம் ஆடு, சாமி கும்பிடு, தனுஷ்கோடி கடைசியில இருக்கிற அரிச்சல்முனையில செல்ஃபி எடு, ராத்திரி வண்டி ஏறு. பிள்ளைங்க குளிக்கணும்னா முனையிலயே வடக்குப் பக்கம் இறக்கிவிடு. அது பெண்கடல், வருசம் பூரா குளம் மாதிரி கிடக்கும்.

வாடைக்காத்து:
வருசம் பூராவா? வைகாசி, ஆனி, ஆடியில சோழகம், அதான் தெக்கத்திக் காத்து, அடிக்கிறப்ப தென்கடல் குமுறும், வடகடல் படுத்துக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல வடக்கத்தி வாடைக் காத்து திரும்பினா அப்படியே தலைகீழ்: வடகடல் எகிறும், தெற்கு அடங்கும். காத்து மாறினா தனுஷ்கோடி மீனவங்க வலையை இந்தக் கரையிலருந்து அந்தக் கரைக்கு மாத்துறது பின்ன எதுக்காம்?
முனையில எந்த மாசமும் இறங்கக் கூடாது. ரெண்டு கடல் நீரோட்டமும் மணலை அரிச்சுக்கிட்டே இருக்கும். முழங்கால் தண்ணியில நிக்கறப்பவே குதிகாலுக்கு அடியில குழி விழும், அடுத்த அடியில ஆழம். சோழகத்துல பிள்ளைங்களோட குளிக்கணும்னா உச்சிப்புளி பக்கம் அரியமான் போங்க.

கீழக்கரையான்:
கோயிலைத் தவிர ஒண்ணுமில்லையாம்ல! காரங்காடு அலையாத்திக் காட்டுல வனத்துறை படகு ஓடுது, துடுப்பு போடவும் விடுறாங்க. தை மாசி வாக்குல கோதண்டராமர் கோயில் போற ரோட்டோரத் தண்ணியில பூநாரை நிக்கும். விடியக்காலம் போகணும், வெயில் ஏறினா கண்ணு கூசும். வரும்போது முண்டு மிளகாய் வாங்குங்க, 2023ல புவிசார் குறியீடு வாங்கின சரக்கு.

ஊர்சுற்றி77:
மிளகாய் வாங்க லீவு போடணுமா 😂 பெண்கடல்னு ஊர்க்காரங்களே பேர் வச்சிருக்காங்க, சும்மாவா? வீடியோவே இருக்கு, அலையே இல்ல.

வாடைக்காத்து:
வீடியோ எந்த மாசம்?

பாம்பன்_ரசிகை:
தனுஷ்கோடிக்கு ஜீப்பு வாடகை எவ்வளவு சொல்றாங்க?

கீழக்கரையான்:
என்ன ஜீப்பும்மா, 2017லயே முகுந்தராயர் சத்திரத்துலருந்து முனை வரைக்கும் ஒன்பதரை கிலோமீட்டர் தார் ரோடு போட்டாச்சு. பஸ்ஸே போகுது. இருட்டுறதுக்குள்ள திரும்பிடுங்க. 1964 டிசம்பர் புயல்ல இடிஞ்ச சர்ச்சு வழியிலயே இருக்கு.

பாம்பன்_ரசிகை:
நன்றிண்ணே. பாம்பன் ரோட்டுப் பாலத்துல காரை நிறுத்தி ரயில் பாலத்தைப் படம் எடுக்கலாமா?

ஊர்சுற்றி77:
எல்லாரும் நிறுத்துறாங்க, நீங்களும் நிறுத்துங்க.

வாடைக்காத்து:
இவர் பேச்சைக் கேட்டா பின்னாடி வர்ற பஸ் பம்பரை எடுத்துடும். பாலத்துக்கு முன்னாடியே ஓரங்கட்டிட்டு நடந்து போங்க. 2025ல திறந்த புது ரயில் பாலத்துல 72.5 மீட்டர் தூக்குப் பகுதி அப்படியே செங்குத்தா 17 மீட்டர் ஏறும். கப்பல் வர்றப்பதான் தூக்குவாங்க, செல்ஃபிக்காகத் தூக்க மாட்டாங்க.
சரி, வீடியோ எந்த மாசம்னு கேட்டேனே?

ஊர்சுற்றி77:
முன்னாடி தரங்கம்பாடி பத்திப் பேசினப்பவும் இப்படித்தான் என்னையே குறி வச்சீங்க. மாசம் எல்லாம் பார்த்து எவன் டூர் போவான்?

கீழக்கரையான்:
ரெண்டு பேரும் விடுங்கப்பா. திருப்புல்லாணி, சேதுக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம்னு ஒருத்தராவது பேசுறீங்களா?

வாடைக்காத்து:
பேசலாம். கார்த்திகையில வடகடலோரம் நின்னு ஒரு வீடியோ எடுத்து அவர் போடட்டும், பேசலாம்.

ஊர்சுற்றி77:
பெண்கடல் பெண்கடல்தான். முடிஞ்சா பேரை மாத்திக் காட்டுங்க.

வாடைக்காத்து:
மாசம்?