மறு: மலருக்கான ஊர் அறிமுகம் – கூடலூர் ‘மும்மொழி ஊர்’ தானா?

அனைவருக்கும் வணக்கம்.

நீலகிரி மாவட்டத்து நம் கூடலூரை ‘மும்மொழி ஊர்’ என்று அறிமுகப்படுத்தி மலர்க்குழு சுற்றுக்கு விட்ட வரைவைப் படித்தேன். நடை நன்றாக வந்திருக்கிறது. ஆனால் “தமிழ், மலையாளம், கன்னடம் பேசும் மக்கள்” என்று சொல்லிவிட்டுக் கடைசியில் “பழங்குடியினரும் உள்ளனர்” என்று ஒரே வரியில் கடந்திருப்பது சரியில்லை. வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகள் அதையே ஊர் என்று நம்பிவிடுவார்கள்.

பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் என ஒவ்வொருவருக்கும் தனிப் பேச்சு உண்டு. 2011 கணக்கெடுப்புப் பட்டியலில் பணியர் பேச்சு மலையாளத்துக்குள் போய்விட்டது. குறும்பர் பேச்சும், நீலகிரிப் படுகர்களின் மொழியான படுகும் கன்னடத்துக்குள். அப்புறம் மூன்று மொழிதானே மிஞ்சும்! காதில் குன்றிமணி பதித்த தோட்டோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பணியர் பாட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரரிடம் மலையாளம், கண்டக்டரிடம் தமிழ், பேத்தியிடம் சொந்தப் பேச்சு. நம் வரைவில் அந்த மூன்றாவதுக்கு இடமே இல்லை.

வயநாட்டுச் செட்டி, மண்டாடன் செட்டி என்ற இரண்டு சமூகங்களும் விட்டுப்போயின. (செட்டி என்றதும் காரைக்குடிக்குப் போய்விட வேண்டாம், இவர்கள் வயலில் இறங்கி நெல் விளைவித்தவர்கள்.)

மலையாளிகள் “எல்லை தாண்டி வந்தவர்கள்” என்று வரைவில் இருப்பதையும் திருத்த வேண்டும். நம்பலக்கோடு, சேரங்கோடு, முன்னநாடு அம்சங்கள் (அந்தக் கால வருவாய்ப் பிரிவுகள்) 1877 வரை மலபார் வயநாட்டில் இருந்தவை. அந்த ஆண்டு நீலகிரியோடு சேர்த்ததால்தான், 1956இல் மலபார் கேரளாவுக்குப் போனபோது நாம் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். மாப்பிள்ளைமார் (மலபார் முஸ்லிம்கள்) ஒரு வழியில் வந்தார்கள். திருவிதாங்கூரிலிருந்து காடு வெட்டி விவசாயம் பண்ண வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் வேறு வழி. இரு வீட்டு மலையாளமும் ஒன்றுபோலக் கேட்காது.

தமிழும் அப்படித்தான். சமவெளியிலிருந்து வந்த வியாபாரிகள் ஒரு பக்கம். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் இன்னொரு பக்கம். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு, இன்று டான்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) என்கிற தோட்டங்களைத் தொடங்கியது. சேரம்பாடிப் பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்குப் போனால் “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்பார்கள். அரை நூற்றாண்டு தாண்டியும் அவர்களை “சிலோன்காரங்க” என்கிறோமே, அதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

கன்னடம் பற்றி எழுதியது போதும். படுகரை மட்டும் அதில் கலக்காதீர்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. யார் எந்த வருஷம் வந்தார்கள் என்று பட்டியல் போட வேண்டாம். 1969 ஜென்மம் (பழைய ஜமீன் போன்ற நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல் வரும், உரிமை முடிவாகாத நிலத்தில் பட்டா கிடைக்காமல் இன்னும் எத்தனையோ வீடுகள் கிடக்கின்றன. அங்கே வந்த வருஷம் வழக்குக் கட்டில் ஏறும் விஷயம்.

தேவாலா, பாட்டவயல் பக்கம் தொடர்பு உள்ளவர்கள், பணியர் பேச்சில் ஒரு பாட்டோ கதையோ சொல்பவரின் சம்மதத்தோடு பதிவு செய்து அனுப்பினால், தமிழ் எழுத்தில் ஒரு பக்கம் போடலாம். தட்டச்சு என் பொறுப்பு.