தசை இல்லாத பயாப்ஸி ரிப்போர்ட்: மூத்திரப்பையை எடுப்பதா, பி.சி.ஜி.யா?

வெண்ணாற்றங்கரை (திருவாரூர் மாவட்டம்):
மாமாவுக்கு 63 வயது. விவசாயம், நெடுநாள் பீடிப் பழக்கம். வலியே இல்லாமல் மூத்திரத்தில் ரத்தம் போனதை உடம்புச் சூடு என்று இளநீரும் வெந்தயமுமாக ஓட்டிவிட்டார்கள். தஞ்சாவூரில் கேமரா விட்டு மூத்திரப்பையிலிருந்த கட்டியைச் சுரண்டி எடுத்தாயிற்று. ரிப்போர்ட்டில் புற்று, ஹை கிரேடு (வேகமாக வளரும் வகை), பி.டி.1, ‘மாதிரியில் தசை இல்லை’ என்று இருக்கிறது. ஒரு டாக்டர் பைக்குள் செலுத்தும் பி.சி.ஜி. மருந்து போதும் என்கிறார், இன்னொருவர் பையையே எடுக்கணும் என்கிறார். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) 1.7. யாரிடம் என்ன கேட்பது? ஆபரேஷன் செய்தால் அது நல்லபடி நடந்ததா என்று நாங்கள் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

சிறுநீரியல், கும்பகோணம்:
இப்போதைக்கு இரண்டில் எதையும் முடிவு செய்யாதீர்கள். பி.டி.1 என்றால் கட்டி உள்தோலுக்குக் கீழே இறங்கியிருக்கிறது, தசைக்குள் போகவில்லை என்று அர்த்தம். மாதிரியில் தசையே வராதபோது ‘போகவில்லை’ என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படிப்பட்டவர்களுக்கு மறுபடி சுரண்டிப் பார்த்தபோது பாதிப் பேர் வரை தசைக்குள் நோய் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. அவர்களுக்கு பி.சி.ஜி. கொடுத்துக்கொண்டிருந்தால் நோய்க்கு அவகாசம் கொடுத்ததாகிவிடும்.

எனவே முதல் சுரண்டலிலிருந்து 2 முதல் 6 வாரத்துக்குள் இரண்டாவது டி.யூ.ஆர்.பி.டி. (கேமரா விட்டுச் சுரண்டுவது) செய்யணும். பழைய இடத்தின் அடிப்பகுதியைத் தனிப் புட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். எல்லாத் துண்டும் ஒன்றாகப் போனால் தசை எந்த இடத்தைச் சேர்ந்தது என்று தெரியாது. மின்சாரத்தில் கருகிப்போன துண்டிலும் ஒன்றும் படிக்க முடியாது.

அதற்கு முன்னால் ஒரு ஸ்கேன். 1.7 வயசுக்கோளாறா, கட்டி யூரிட்டரை (சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய்) அடைத்துச் சிறுநீரகம் வீங்கியதாலா என்று பார்க்கணும். வீக்கம் இருந்தால் தசைக்குள் போயிருக்கும் சந்தேகம் கூடுகிறது. ஸ்டென்ட் (உள்ளே வைக்கும் சிறு குழாய்) வைத்தோ முதுகு வழியாக டியூப் போட்டோ அடைப்பை நீக்கினால் கிரியேட்டினின் இறங்கலாம். இது ஏன் முக்கியம் என்றால், தசைக்குள் நோய் என்று உறுதியானால் ஆபரேஷனுக்கு முன் சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோ 3, 4 சுற்று கொடுப்பார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 5 வருஷத்தில் உயிரோடிருப்பவர்கள் நூற்றுக்கு 5 பேர் அதில் கூடினார்கள். அதற்குக் கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) பொதுவாக நிமிடத்துக்கு 60 மில்லி வேண்டும். கார்போபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து சிஸ்பிளாட்டினுக்குச் சமமான மாற்று இல்லை. சிஸ்பிளாட்டின் முடியாது, கீமோ இல்லாமல் நேரே ஆபரேஷன்தான் என்றால், தசை நோய் உறுதியானதிலிருந்து 3 மாதத்தைத் தாண்டவிடாதீர்கள். அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடுவதுதான் நம் பக்கத்தில் நடக்கிற பெரிய தவறு.

ஒற்றைக் கட்டி, சிறுநீரக வீக்கம் இல்லை என்றால் நன்றாகச் சுரண்டிவிட்டுக் கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்துப் பையைக் காப்பாற்றும் வழியும் உண்டு. கேட்காமல் விடாதீர்கள்.

இரண்டாவது முறையும் தசை சுத்தம் என்று வந்தால் பி.சி.ஜி. நியாயமான வழி. வாரம் ஒன்றாக 6, அப்புறம் 3ஆம் மாதம், 6ஆம் மாதம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 3 வருஷம் வரை, ஒவ்வொரு தடவையும் 3 வாரம். முதல் ஆறோடு நின்றுவிட்டால் முழுப் பலன் கிடைக்காது. மூத்திரத்தில் ரத்தமோ கிருமியோ இருக்கும் நாளில் போடக்கூடாது.

பேத்தாலஜி, திருச்சி:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ‘தசை இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் போதாது, ‘டெட்ரூசர் தசை’ (பைச் சுவரின் தடித்த தசை) என்று இருக்கணும். உள்தோலுக்குக் கீழேயே மெல்லிய தசை இழைகள் உண்டு. அதைப் பார்த்துவிட்டு தசை என்று எழுதினால் கதையே மாறிவிடும். சந்தேகமிருந்தால் ஸ்லைடையும் பிளாக்கையும் (மெழுகில் பதித்த சதைத்துண்டு) வாங்கி இன்னொரு லேபில் படிக்கச் சொல்லலாம். அதை வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பையை எடுத்த பிறகு வரும் ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்ப்பது வெட்டு ஓரம். அதில் நோய் இருந்தால் இடுப்புக்குள்ளேயே திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அடுத்து நிணநீர் முடிச்சுகள்: இரண்டு பக்கமும் எடுத்தார்களா, மொத்தம் எத்தனை. பத்துக்கும் கீழே என்றால் சரியாக எடுக்கவில்லையோ என்று கேட்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து சர்ஜனைக் குறை சொல்ல முடியாது. கொழுப்பில் முடிச்சைத் தேடி எடுப்பது எங்கள் வேலை, அங்கேயும் எண்ணிக்கை குறையும்.

எங்கே செய்வது என்பதற்கு: வருஷத்துக்குக் குறைந்தது 10, முடிந்தால் 20க்கு மேல் இந்த ஆபரேஷன் நடக்கிற மருத்துவமனை என்கிறது ஐரோப்பிய சிறுநீரியல் சங்கம். கட்டடத்தைப் பார்க்காதீர்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
ரொம்ப நன்றி சார். ஒருவேளை எடுக்கத்தான் வேண்டுமென்றால், வயிற்றில் பை மாட்டிக்கொண்டு வேட்டி கட்டி வயலில் இறங்க முடியுமா?

ஸ்டோமா நர்ஸ், தஞ்சாவூர்:
முடியும் தம்பி. பையை எடுத்தபின் குடல் துண்டு வழியாக மூத்திரம் வயிற்றில் வெளிவரும் துளைதான் ஸ்டோமா, அதற்கு ஆபரேஷனுக்கு முதல் நாளே இடம் குறிக்கணும். படுக்க வைத்து மட்டும் குறித்தால் தப்பாகிவிடும். வேட்டி கட்டி உட்கார்ந்து, நின்று, நாற்று நடுகிற மாதிரி குனிந்து காட்டச் சொல்லுங்கள். முடிச்சு விழும் கோட்டிலும் மடிப்பிலும் துளை வந்தால் பை ஒட்டாது, மூத்திரம் கசிந்து தோல் வெந்துபோகும்.

பையின் தட்டில் ஓட்டை துளையைவிட 2, 3 மில்லிமீட்டர்தான் பெரிதாக இருக்கணும். துளை முதல் சில வாரத்தில் சுருங்கும், அதனால் பழைய அளவிலேயே வெட்டக்கூடாது. காலையில் தண்ணீர் குடிக்கும் முன் மாற்றினால் ஒழுகல் குறைவு. சுற்றித் தேங்காய் எண்ணெய் தடவினால் ஒட்டவே ஒட்டாது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யணும், ராத்திரிக்கு நீளக் குழாயோடு பெரிய பை. வெள்ளையாகச் சளி வந்தால் பயப்படாதீர்கள், அது குடல் சுரப்பது. சித்திரை வெயிலில் வேர்வையால் சீக்கிரம் பிரியும், கூடுதலாக ஒரு பை கையில் இருக்கட்டும். கனமான மூட்டை தூக்கவேண்டாம், துளையோரம் ஹெர்னியா (குடல் பிதுக்கம்) வரும்.

சிறுநீரியல், கும்பகோணம்:
குடலைக் கொண்டு உள்ளேயே புதுப்பை செய்யும் நியோபிளாடரைப் பற்றி யாராவது ஆசை காட்டினால், 1.7 இறங்காதவரை வேண்டாம் என்றே சொல்வேன். மூத்திரம் குடலில் வெகுநேரம் தங்கி உடம்பில் அமிலம் ஏறும், பலவீனமான சிறுநீரகம் அதைத் தாங்காது.

புற்று திரும்ப வருவது பெரும்பாலும் முதல் 2 வருஷத்தில். அந்தக் காலத்தில் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். யூரிட்டரைக் குடலில் தைத்த இடம் சுருங்கினால் வலியே தெரியாது, இடது பக்கத்தில் அதிகம் நடக்கும், சத்தமில்லாமல் ஒரு சிறுநீரகம் போய்விடும். சிறுநீரக வீக்கத்தோடு குளிர்க்காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. 5 வருஷம் தாண்டினாலும் கிரியேட்டினின், பைகார்பனேட் (அமிலம் ஏறியதா என்று காட்டுவது), வைட்டமின் பி12 மூன்றையும் வருஷம் ஒருமுறை பாருங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்தவர்களுக்கு பி12 குறைவது வருஷங்கள் கழித்துத்தான் தெரியும், அப்போது ஊசி போட்டால் போதும்.