கலைச்சொல்: மரச்சிற்பத்தில் ‘வெதரிங்’

நண்பர்களுக்கு வணக்கம். வெளியில் வைத்த மரம் வெயிலாலும் மழையாலும் நிறமும் மேற்பரப்பும் மாறுவதை ஆங்கிலத்தில் ‘வெதரிங்’ (weathering) என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதுதான் பேச்சு. நண்பர்கள் கேட்டவற்றை மேற்கோளாகத் தந்து பதில் சொல்கிறேன்.

> நிலவியல் பாடநூல்களில் உள்ள ‘வானிலைச் சிதைவு’ என்பதையே மரச்சிற்பத்துக்கும் வைத்துக்கொள்ளலாமே?

பாறைக்குப் பொருந்தும். வெயிலும் மழையும் சேர்ந்து வேலை செய்யட்டும் என்றே மரத்தைத் திறந்தவெளியில் விடும் சிற்பிக்குப் பொருந்தாது. பிரிட்டிஷ் சிற்பி டேவிட் நாஷ் 1978இல் வேல்ஸில் ஓக் மரத்தில் பெரிய உருண்டை ஒன்றைச் செதுக்கி, ஓடை வழியாகக் கீழே கொண்டுபோகப் பார்த்தார். அது வழியில் சிக்கிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டார். பிறகு பல ஆண்டுகளாக வெள்ளம் அதை ஆற்றை நோக்கித் தள்ளிக்கொண்டே போனது. அந்தப் பயணம்தான் சிற்பம். அதைச் ‘சிதைவு’ என்றால் வாசகர் மனத்தில் பழுது என்றே பதியும்.

மரம் உண்மையிலேயே கெடுவதற்கு நம்மிடம் நல்ல சொற்கள் உண்டு: உளுத்தல், இற்றுப்போதல். வெதரிங் வேறு. சில வருடம் வெளியில் கிடந்த பலகையில் இழைப்புளியை ஓட்டிப் பாருங்கள். முதல் ஓரிரு சுருளோடு சாம்பல் நிறம் போய்விடும். அடியில் மரம் புது நிறத்தோடு, வாசனையோடு இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பின் லிக்னினை (மர நார்களைப் பிணைக்கும் பொருள்) உடைக்கிறது, மழை அதைக் கழுவுகிறது, எஞ்சிய செல்லுலோஸ் (நாரின் முதன்மைப் பொருள்) வெளுத்துச் சாம்பலாகிறது. அடுத்த கட்டம் மிக மெதுவானது. ஆண்டு வளையத்தின் மென்மையான பகுதி முதலில் தேய, கடினமான பகுதி வரப்பு வரப்பாக எழும்பி நிற்கும். ஊசியிலை மரங்களில் இந்தத் தேய்மானம் நூறாண்டுக்குச் சுமார் 6 மி.மீ. தான்.

முதலில் நிறம், பிறகு சுருக்கம். இதற்கான வரிசையைத் தமிழ் எப்போதோ சொல்லிவைத்திருக்கிறது: நரை, திரை (தோல் சுருக்கம்), மூப்பு. என் பரிந்துரை இதுதான். மொத்த நிகழ்வுக்கு ‘மூப்பு’, நிறமாற்றத்துக்கு ‘நரைப்பு’, வரப்பு எழுவதற்குத் ‘திரைவு’.

> ‘மரத்திரை’ என்றால் தடுப்புத் திரை என்றல்லவா நினைப்பார்கள்?

சரியான கேள்வி. அதனால்தான் ‘திரை’ என்று வைக்காமல் ‘திரைவு’ என்கிறேன். பால் திரைவது நினைவுக்கு வரும்தான். ஆனால் மரத்தைப் பற்றிய வாக்கியத்தில் அந்தக் குழப்பம் நிற்காது.

வெயிலில் காயும்போது விழும் பிளவுக்குப் புதுச்சொல் தேவையில்லை. தச்சர்கள் சொல்லும் ‘வெடிப்பு’ போதும்.

கலைச்சொல் வினையாகவும் புழங்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ‘வானிலைச் சிதைவுக்குள்ளான பரப்பு’ என்று ஒருமுறை எழுதலாம்; பத்தாவது முறை கை வலிக்கும். இதை வாசித்துப் பாருங்கள்: “சிற்பத்தின் வெயில் படும் பக்கம் நரைத்துவிட்டது, இன்னும் திரையவில்லை. நிழற்பக்கம் நரைக்கவே இல்லை.”