புதுப்பிப்பு: ஈஸ்ட் ஸ்டார்ட்டருக்கு எந்த ஸ்டிர் பிளேட்?

ஈஸ்ட் ஸ்டார்ட்டர் என்பது பீர் காய்ச்சுவதற்கு முன் ஈஸ்ட்டைப் பெருக்கும் சிறு கரைசல்; அதைக் காந்தத்தால் சுழற்றிக் கலக்கும் தட்டுதான் ஸ்டிர் பிளேட். முன்பு இங்கே கேட்டது: 2 லிட்டர் கூம்புக் குடுவைக்கு ஆய்வக மேக்னடிக் ஸ்டிர்ரர் வாங்குவதா, கம்ப்யூட்டர் ஃபேனில் செய்வதா? ஃபேன்தான். 12 வோல்ட், 120 மி.மீ. போதும், புதுச்சேரியின் மே மாதப் புழுக்கத்தில் குடுவையின் அடியில் கூடுதல் சூடும் ஏறாது.

கவனம் கேட்பது காந்தம். நியோடிமியம் வட்டுகள் இரண்டு, ஃபேனின் நடுக் குமிழில் மையத்திலிருந்து சம தூரத்தில், ஒன்றின் வடமுனையும் மற்றதன் தென்முனையும் மேலே பார்க்க ஒட்டுங்கள். இடைவெளி ஸ்டிர் பாரின் (குடுவைக்குள் போடும் காந்தக் குச்சி) நீளத்துக்குப் பொருந்தாவிட்டால், பார் 'டக டக'வென்று தெறித்து ஓரத்துக்கு ஓடிவிடும். குடுவையின் அடி நடுவில் மேடாக இருந்தாலும் இதே கதி. வாங்கும்போதே தடவிப் பாருங்கள். நிக்கல் பூச்சு உரிந்த காந்தத்தைக் கடற்காற்று அரித்துவிடும், மேலே எப்பாக்ஸி பூசிவிடுங்கள்.

வேகத்தை மெல்ல ஏற்றுங்கள். மேலே சின்னக் குழி விழுந்தால் போதும், சுழல் அடிவரை இறங்க வேண்டியதில்லை.

லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய தானியச் சாற்றின் தூள்), 15 நிமிடக் கொதி, நன்றாக ஆறியபின் ஈஸ்ட். குடுவையின் வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடி) வேண்டாம், ஈஸ்ட் பெருகக் காற்று உள்ளே போகவேண்டும்.