லைட்ரூம் கிளாசிக்: திருத்தங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன?

கேள்வி:
வணக்கம். லைட்ரூம் கிளாசிக் எனும் ஒளிப்படத் திருத்த மென்பொருளை அண்மையில்தான் கற்கத் தொடங்கியுள்ளேன். திருத்தம் செய்தால் மூலப்படம் மாறிவிடுமா? படங்களைப் பின்னர் வேறு கோப்புறைக்கு மாற்றலாமா?

பதில் 1:
லைட்ரூம் படங்களைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு படமும் வட்டில் எங்குள்ளது, அதில் என்னென்ன திருத்தங்கள் செய்யப்பட்டன என்பவற்றை கேட்டலாக் எனும் தரவுத்தளத்தில் குறித்துவைக்கிறது. ஆகவே மூலப்படத்தின் பிக்சல்கள் மாறா. கோப்புறையை மாற்ற விரும்பினால், லைப்ரரி பகுதிக்குள்ளிருந்தே மாற்றுங்கள். வெளியிலிருந்து மாற்றினால் தொடர்பு அறுந்து, படத்தின்மேல் ஆச்சரியக்குறி தோன்றும். அதைச் சொடுக்கிப் புதிய இடத்தைக் காட்டினால், திருத்தங்களோடு படம் மீளும்.

பதில் 2:
கேட்டலாக்கின் காப்புநகலில் படங்கள் அடங்கா (பலரும் அடங்கும் என்றே நம்புகிறார்கள்). படங்களைத் தனியே வேறொரு வட்டில் நகலெடுப்பது அவசியம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நட்சத்திர மதிப்பீடு, குறிச்சொல் ஆகியவற்றில் எதை முதலில் செய்வது?

பதில் 1:
மதிப்பீட்டையே. நீக்கப்போகும் படங்களுக்கும் குறிச்சொல் இடுவது, என் கருத்தில், வீண் உழைப்பு.